மூன்று பேர் சொன்ன குறை

"கீச்சுனு ஒரு சத்தம் வருதுங்ணா."

பூபாலன் சொன்னது அவ்வளவுதான். இந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரை வாங்குவதற்காகவே பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான்.

பெட்டியின் சொந்தக்காரர் குனிந்தார். பாட்டை நிறுத்திவிட்டு இடது ஸ்பீக்கரில் காதை வைத்தார். பிறகு வலதில்.

ஒன்றுமில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம்தான் கேட்டது.

நிமிர்ந்து சிரித்தார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான் சிரிப்பார்.

இவன் மூன்றாவது ஆள்.

விளம்பரம் போட்ட நாளிலிருந்து அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. "இருக்கா?" என்று ஒருவர் கேட்பார், இருக்கிறது என்றால் காணாமல் போவார். ஒருவர் முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம், ஒயர் நுனி என்று பதினான்கு படம் கேட்டார். எல்லாம் அனுப்பிய பிறகு, கருப்பு நிறத்தில் இல்லையா என்றார். முப்பது வருஷத்துப் பெட்டியில் ப்ளூடூத் உண்டா என்று ஒரு அம்மா கேட்டார்.

அவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம்.

நேரில் வந்து கேட்டுவிட்டு, கீச்சுச் சத்தம் வருகிறது என்று சொன்ன அந்த இருவரைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. திருப்பூர் ஆடிட்டர் சொன்னார். பேரூர் வாத்தியார் சொன்னார். இரண்டு பேரின் எண்ணையும் பிளாக் செய்தார். விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தார்.

'சுத்தமான ஒலி. காது உள்ளவர்கள் மட்டும் தொடர்பு கொள்ளவும்.'

சொல்ல அவருக்கு உரிமை உண்டு. இருபத்தாறு வருஷமாகக் கச்சேரிகளுக்கு ஒலி அமைக்கிறவர். அவர் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்தால்தான் பாடுவேன் என்று சொல்லும் வித்வான்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சபாவில் இசை விழா ஆரம்பம். பத்து நாளும் அவர்தான்.

ஊரில் எல்லோருக்கும் இப்போது குறை சொல்கிற வியாதி. போன மாதம் சூலூர் கல்யாணத்தில் பாடிய பெண், பாட்டுக்கு நடுவே இவரைப் பார்த்து மூன்று முறை கையைத் தாழ்த்திக் காட்டினாள். குரல் காதைக் கூச வைக்கிறதாம். இவருக்கோ மந்தமாக இருந்தது. கூர்மையான ஒலிகளைக் கூட்டும் ட்ரெபிளை இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்தார்.

"எவ்வளவு குறைக்கணும்? நேராவே கேளு தம்பி."

பூபாலனின் முகம் சுருங்கியது.

"வெலைக்காகச் சொல்லலீங்ணா. கேட்ட காசை அப்படியே கொண்டாந்திருக்கேன். எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது. இந்தச் சத்தத்தோட எப்படிங்ணா பாட்டுக் கேக்கறது?"

அவருக்குக் குழப்பமாக இருந்தது.

குறை சொல்லி விலையைக் குறைப்பவர்கள் ஆளுக்கொரு குறை சொல்வார்கள். கீறல் என்பார்கள், துரு என்பார்கள், குமிழ் ஆடுகிறது என்பார்கள். ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் எப்படி ஒரே குறையைச் சொல்ல முடியும்? அதுவும் இல்லாத குறையை?

இதற்குச் சாட்சி வேண்டும்.

"வசுந்தரா, கொஞ்சம் இங்க வா."

அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தாள். பாட்டும் தாளமும் அவளுக்கு ஒரே கணக்கு. அதனால் காதில் விழுந்ததை அப்படியே சொல்வாள்.

"இதுல ஏதோ கீச்சுனு சத்தம் வருதாமா. நீயே சொல்லு."

"ஆமாங்க. ஏழெட்டு மாசமா வருதுங்களே."

அவர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"கொசு ரீங்காரமாட்டம். அதனாலதான் விக்கறீங்கன்னு நெனச்சனுங்க."

அதனால் அவர் விற்கவில்லை.

கொஞ்ச காலமாகப் பெட்டியில் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. வயசாகிவிட்டது, பெட்டிக்கு என்று நினைத்தார். புதிதாக ஒன்றுக்குச் சொல்லியும் வைத்திருந்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்களுக்குத் தெரியாத சத்தமான்னு விட்டுட்டனுங்க."

பூபாலன் தரையைப் பார்த்தான்.

அவருக்கு வந்தது பயம்தான். அதைப் பயம் என்று சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை.

பெட்டியை அணைத்தார்.

"இப்ப?"

"இல்லீங்க."

போட்டார்.

"இப்ப வருதா?"

"வருதுங்க."

இரண்டுக்கும் நடுவே அவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ட்ரெபிள் குமிழைத் திருகினார். பாதி. முக்கால். கடைசி வரை. கண்ணை மூடிக்கொண்டு, சபாவில் கேட்பது போல் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார்.

வெகு நேரம் கேட்டார்.

கண்ணைத் திறந்தபோது வசுந்தரா பெட்டியைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப?" என்றார்.

"நின்னுருச்சுங்க," என்றாள்.

குமிழ் கடைசி அளவிலேயே இருந்தது. அவளுக்குப் பின்னால், காதைப் பொத்திக்கொள்ள உயர்ந்த பூபாலனின் கைகள் மெல்லக் கீழே இறங்கின.