கஸ்பார் தடுத்த பந்து

கோல் கம்பங்களுக்கு நடுவில் கஸ்பார் தனியாக நின்றான். எதிரில் கிரேக்கக் கப்பல்காரன் பந்தை ஒற்றைக் கையில் தேங்காய் மாதிரி பிடித்திருந்தான்.

எனக்குப் பயம். கோப்பைக்காக இல்லை.

ராயபுரம் கடற்கரையில் மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்தி மைதானம் போட்டிருந்தார்கள். ஆட்டத்தின் பெயர் ஹேண்ட்பால். கால்பந்து மாதிரியே கோல் உண்டு, ஆனால் பந்தைக் கையால் எறிய வேண்டும். நார்வே மாலுமிகள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனது. புதிதாகக் கற்றுக்கொண்ட நாடுகளுக்கு மட்டும் ஒரு கோப்பை என்று கப்பல் ஏஜெண்டுகள் சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள். பர்மாக்காரன், சிலோன்காரன், கிரேக்கன், நாம்.

நாம் என்றால் இந்தியா. இந்தியா என்றால் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற பதினோரு பேர். சுதந்திரம் வந்த புதுசு. சட்டையில் கொடியைத் தைத்துவிட்டால் எவனும் தேசம்தான்.

கடைசி ஆட்டம், கடைசி நிமிஷம். நாம் ஒரு கோல் முன்னால். நம்மில் யாரோ ஒருவன் எவனையோ பிடித்துத் தள்ளிவிட்டான் என்று கிரேக்கனுக்குப் பெனால்டி கொடுத்துவிட்டார்கள். இது உள்ளே போகாவிட்டால் கோப்பை நமக்கு.

கப்பலில் பாரம் தூக்குகிற விஞ்ச் ஓட்டும் பஷீர் என் தோளில் இடித்தான்.

“இன்னா மாமு, மூஞ்சி வெளுத்துக் கீது? கஸ்பார் வுடமாட்டான். அது கையா, துடுப்பு!”

கையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. கண்ணைப் பற்றித்தான்.

கஸ்பார் எங்கள் சிக்னல்காரன். நாங்கள் கப்பலின் அடியில், சரக்கு அறையில் நிற்போம். தலைக்கு மேல் பாரம் தொங்கும். விஞ்ச் ஓட்டுகிற பஷீருக்கு நாங்கள் நிற்கிற இடம் தெரியாது. கஸ்பார்தான் மேல்தட்டின் விளிம்பில் நின்று எங்களைப் பார்த்து அவனுக்குக் கை காட்டுவான். தூக்கு என்பதற்கு ‘ஹபீஸ்’. இறக்கு என்பதற்கு ‘ஆரியா’. வாயாலும் கத்துவான், ஆனால் நீராவி விஞ்ச் போடுகிற சத்தத்தில் ஒரு மண்ணும் கேட்காது. அவன் கண்ணை நம்பித்தான் எங்கள் தலை.

போன வாரம் எங்களோடு கீழே நின்ற மனோகரனின் கால் நசுங்கியது. அவன் நகர்வதற்குள் பாரம் இறங்கிவிட்டது. கயிறு வழுக்கிவிட்டது என்றான் கஸ்பார். எல்லோரும் நம்பினார்கள். எவன் சொன்னாலும் நான் சும்மா நம்புகிறவன் இல்லை. கயிற்றை எடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அதனால்தான் ஆட்டத்துக்கு வந்தேன். பந்து அவன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்க.

அவனைக் கோலில் நிறுத்தியது தாமோதரன் மேஸ்திரி. கஸ்பார் மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்று தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும்.

முதல் பாதியில் ஒரு பந்து நேராக வந்து அவன் மார்பில் மோதியது. அவன் கையைத் தூக்கவே இல்லை. “பாறைடா நைனா!” என்று ஜனம் கூத்தாடியது. எனக்கு மனோகரன் கால்தான் ஞாபகம் வந்தது.

இரண்டாம் பாதியில் வேறு ஆளாக நின்றான். வந்த பந்தையெல்லாம் தட்டிவிட்டான். நான்தான் தப்பாக நினைத்துவிட்டேனோ என்று தோன்றியது. அப்படித் தோன்ற வேண்டும் என்று எனக்கே ஆசை.

கிட்டத்தில் பார்த்தால்தான் மனசு ஆறும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோலுக்குப் பின்னால் போனேன்.

அங்கே அவன் பெண்டாட்டி ஆலிஸ் நின்றாள். இடைவேளையில் வந்தவள். இடுப்பில் குழந்தை. வந்ததிலிருந்து ஒவ்வொரு பந்துக்கும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். கூட்ட இரைச்சலில் என்ன கத்துகிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. புருஷன் ஆடுகிற சந்தோஷம் என்று சிரித்தார்கள்.

விசில் ஊதினார்கள். ஜனம் வாயை மூடிக்கொண்டது. அலைச் சத்தம் மட்டும்.

கிரேக்கனின் தோள் சாய்ந்தது. முழங்கை இறங்கியது.

“ஆரியா!” என்று அலறினாள் ஆலிஸ். இறக்கு என்கிற எங்கள் கப்பல் சொல்.

கஸ்பார் தரையோடு விழுந்தான். பந்து அவன் கையில் அடித்து வெளியே போனது.

அதற்குப் பிறகு கடற்கரையே எழுந்து ஆடியது. பஷீர் அழுதான். மேஸ்திரி ஓடிவந்து கஸ்பாரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்.

“நாளைக்குத் தண்டவாளம் ஏத்துன கப்பலு! மேல கஸ்பாரு நின்னா போதும், கீழ கீறவன் கண்ண மூடிக்கினு வேலை பாக்கலாம்டா!”

கஸ்பார் சிரித்தான். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்து இல்லை. காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்து.

ஆலிஸ் என்னைப் பார்த்துவிட்டாள். குழந்தையை இறுக்கிக்கொண்டு கிட்டே வந்தாள்.

“அண்ணாத்தே, வவுத்துல அடிச்சுடாதே.”

குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

நாளைக்குச் சரக்கு அறையில் முதல் ஆளாக இறங்குகிறவன் நான்.

கப்பலில் பெண்களை ஏற்றமாட்டார்கள்.