மூன்றாவது குழாய்

"யார் பார்த்த வேலை இது?"

பிசிக்ஸ் சார் கத்திய கத்தலில், மேஜையைச் சுற்றி நின்ற பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ரோபோப் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்தான். இந்த நேரம் பார்த்து ரோபோவின் ஏறும் கை பாதியில் சிக்கிக்கொண்டது.

ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அலுமினியக் குழாய். மோட்டார் கயிற்றை இழுத்தால் அவை வரிசையாக மேலே நீள வேண்டும். நுனியில் இருக்கும் கொக்கி உயரத்துக் கம்பியைப் பிடிக்க வேண்டும். பிறகு குழாய்கள் சுருங்கி, ரோபோ தரையை விட்டு எழும்பித் தொங்க வேண்டும். தொங்கினால் கோப்பை. தொங்காவிட்டால் ஆறு மாத உழைப்பும் போச்சு.

எப்போதும் கையில் ஸ்பேனரோடு திரிவதால் ஸ்பேனர் என்றே பெயர் வாங்கியவன், மூன்றாவது குழாயை உருவி சாரிடம் நீட்டினான். கொக்கிக்குக் கீழே ஒரு வெள்ளி நிற லேபிள், நசுங்கிச் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

'அலுமினிய ஜன்னல்கள். ஒரு முறை மாட்டினால் ஆயுசுக்கும்.'

எல்லாத் தலைகளும் ஜன்னல்காரர் பக்கம் திரும்பின.

குழாய்களை இலவசமாகக் கொடுத்தவர் அவர்தான். கொடுத்ததென்னவோ நான்கு மீட்டர் குழாய். அலட்டலோ நான்கு ஊரை எழுதிக் கொடுத்தவர் போல. சட்டைப் பையில் கடைப் பெயர், தொப்பியில் கடைப் பெயர், நடுவர்கள் கையிலெல்லாம் அவருடைய விசிட்டிங் கார்டு. காலையில்கூட, "லேபிளை நல்லா தெரியுற மாதிரி மேல ஒட்டுங்க சார்" என்று மூன்று முறை நச்சரித்தார். சார் வேண்டுமென்றே அதை ரோபோவின் அடிவயிற்றில் ஒட்டச் சொன்னார்.

"நீங்கதானா?" என்றார் சார்.

"நானா?"

ஜன்னல்காரர் லேபிளைப் பார்த்தார். சுற்றி நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா சார். ஏதோ ஒரு ஆசையில ஒட்டிட்டேன்."

"குழாய்க்கும் குழாய்க்கும் நடுவுல முடி அளவு இடம்தான்யா இருக்கு! அதுக்குள்ள கொண்டுபோய் விளம்பரமா? சோதனை முடிஞ்ச ரோபோ மேல சொல்லாம கை வெச்சா, பசங்களா இருந்தாலும் சரி, பெரியவங்களா இருந்தாலும் சரி, வெளியேதான்னு சொன்னேனா இல்லையா? டீம் பேட்ஜைக் கழட்டுங்க."

கழற்றிக் கொடுத்தார்.

ரோபோவை ஓட்டும் பெண்ணுக்கு டீமில் பைலட் என்று பெயர். அவள்தான் எல்லோரையும்விட அதிகமாகப் பொங்கினாள்.

"விளம்பரம் வேணும்னா தெருவுல போர்டு வைங்க அங்கிள்! எங்க ரோபோதானா கிடைச்சுது?"

"தப்புதாம்மா" என்றார் ஜன்னல்காரர்.

"போகும்போது என் முதுகுலயும் ஒண்ணு ஒட்டிட்டுப் போங்க" என்றான் ஸ்பேனர். எல்லோரும் சிரித்தார்கள். மானம் மரியாதை உள்ள மனுஷனாக இருந்தால் அப்படியே வீட்டுக்குப் போயிருப்பார். இவர் தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு எட்டி எட்டிப் பார்த்தார்.

ஸ்பேனர் பிளேடால் பசையைச் சுரண்டினான். ஸ்பிரிட் வைத்துத் துடைத்தான். மூன்றாவது குழாயை இரண்டாவதுக்குள் விட்டான், இரண்டாவதை முதலாவதுக்குள் விட்டான், வாய்ப்பக்கம் நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கினான். பன்னிரண்டு நிமிடம் மீதி.

"தம்பி, கயிறு! கயிறைக் கோக்காமலே மூடிட்டியே!"

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஜன்னல்காரர்தான் அலறினார். உண்மைதான். குழாய்க்குள் ஓட வேண்டிய கயிறு மேஜைமேல் சுருளாகக் கிடந்தது.

"பேட்ஜோட சேர்த்து அவர் வாயையும் கழட்டி வாங்கியிருக்கணும்" என்றார் சார். மறுபடியும் சிரிப்பு. ஸ்க்ரூவை அவசர அவசரமாகத் திருப்பிக் கழற்றினார்களே தவிர, அவருக்கு ஒரு நன்றி சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை.

கடைசிச் சுற்றில் மூன்று வினாடி பாக்கி இருக்கும்போது கொக்கி கம்பியைப் பிடித்தது. குழாய்கள் சுருங்கின. ரோபோ ஒரு சாண் உயரத்தில் ஆடாமல் அசையாமல் தொங்கியது.

அரங்கமே ஆர்ப்பரித்தது. கோப்பையை வாங்கிய பைலட்டிடம் மைக்கை நீட்டினார்கள்.

"இது எங்க டீமோட நேர்மைக்குக் கிடைச்ச வெற்றி" என்றாள் அவள். "விளம்பரத்துக்காக ஒட்டிக்கிட்டு வந்தவங்களை வெளியே நிறுத்திட்டுதான் நாங்க ஜெயிச்சோம்."

சார் நெஞ்சு நிமிர்த்திக் கை தட்டினார். அதைவிடப் பலமாகத் தட்டினார் ஜன்னல்காரர்.

மாடி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, விடுவிடுவென்று இறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஊரே சிரிக்குது, நீங்களும் சேர்ந்து கை தட்டுறீங்களா? ஏங்க, ஜன்னல்ல ஓடுற சட்டத்துல லேபிள் ஒட்டினா கையை ஒடிச்சுடுவேன்னு கடைப் பசங்களை இருபது வருஷமா மிரட்டுற ஆளு நீங்க. நீங்களா போய் ஓடுற குழாய்ல ஒட்டினீங்க?"

"மெதுவாப் பேசு" என்றார் ஜன்னல்காரர். "'சார் உங்க லேபிளை அடியில ஒட்டிட்டாரு, பாவம் அங்கிள், ஒண்ணு குடுங்க, நான் மேல ஒட்டிடுறேன்'னு காலையில அந்தப் பைலட் பொண்ணுதான் கேட்டு வாங்கிட்டுப் போச்சு. அந்தப் பொண்ணை வெளியே அனுப்பியிருந்தா ரோபோவை யாரு ஏத்துறது?"