ஒரு கீறல் விழாது

"இதோ பாரு டுவைட், மோதல் போட்டின்னு ஒரு வார்த்தை உன் வாயில வரக்கூடாது," என்றாள் மனைவி ட்ரூடி. "போன வாரம் வேற வீட்டுல அதைச் சொன்னதும் அந்தக் கிழவி நாயை அவுத்து விட்டது ஞாபகம் இருக்குல்ல?"

டுவைட் தன் பிக்கப் லாரியை நிறுத்திவிட்டுத் தலையாட்டினான். கணவன் விட்டுப்போன வண்டி நொறுங்கப்போகிறது என்றால் எந்த விதவைதான் விற்பாள்?

சனிக்கிழமை திருவிழா மைதானத்தில் போட்டி. பழைய கார்கள் ஒன்றையொன்று இடித்து நொறுக்கும். கடைசிவரை ஓடுவது ஜெயிக்கும். பதினோரு வருஷம் அண்ணன் கர்ட் ஓட்டினான், டுவைட் ரிப்பேர் பார்த்தான். ஜனவரியில் கர்ட் இறந்துபோனான். ஒரே ஒரு தடவை அண்ணன் இடத்தில் இறங்கிப் பார்த்துவிட வேண்டும். அதற்கு எழுபதுகளின் பெரிய வண்டி தேவை. பாதி அயோவா மாநிலத்தைச் சுற்றியும் மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

கொட்டகை வாசலில் வெர்னா காத்திருந்தாள். ஏப்ரலில் கணவன் ஹார்லனை அடக்கம் செய்தவள். தார்ப்பாயை முன் பம்பர் தெரியும் அளவுக்கு மட்டும் தூக்கிக் காட்டினாள். எழுபத்துமூன்றாம் வருஷத்து ஸ்டேஷன் வேகன், மூன்று வரிசை சீட் உள்ள குடும்பக் கார். தார்ப்பாய்க்கு அடியில் படகு போல நீண்டு கிடந்தது.

"முழுசா பாக்கலாமாம்மா?"

"முதல்ல பேசுவோம் தம்பி. என் பிள்ளைங்க நாலும் பின்பக்கம் பாத்த கடைசி சீட்டுல, பின்னால வர்ற வண்டியைப் பாத்துக்கிட்டே வாந்தி எடுத்த வண்டி இது. நீ வாங்கி என்ன பண்ணுவ?"

"ஞாயித்துக்கிழமையானா குடும்பத்தோட ஏரிக்குப் போவோம்மா."

"அவ்வளவுதானா?"

"மெழுகு போட்டுத் தொடைப்பாரும்மா," என்று ட்ரூடி முந்திக்கொண்டாள். "என்னைக்கூட அப்படிப் பாத்துக்கிட்டதில்ல!"

வெர்னா சிரிக்கவில்லை. அவனையே உற்றுப் பார்த்தாள்.

"திருவிழாவுல மோதல் போட்டி நடக்குமே, அதுல உனக்கு ஆசை உண்டா?"

டுவைட் திரும்பிப் பிக்கப்பைப் பார்த்தான். கர்ட்டின் பழைய ஹெல்மெட் பிக்கப்பின் சீட்டுக்கு அடியில் கிடந்தது.

"அதுவாம்மா? மூளை இல்லாதவனுங்க விளையாட்டு. நான் டிக்கெட்கூட வாங்கினதில்ல."

"ஓ."

"உங்க வண்டியில ஒரு கீறல் விழாது. சத்தியமா!"

வெர்னா குனிந்து தார்ப்பாயின் கயிற்றை நிதானமாக இறுக்கிக் கட்டினாள்.

"அப்ப இது உனக்கில்ல தம்பி. இவ்வளவு தூரம் வந்துட்ட, காப்பி குடிச்சிட்டுப் போ."

காப்பி யாருக்கு வேண்டும்? பிக்கப் புறப்பட்டது.

"கண்டுபிடிச்சிட்டாங்க," என்றாள் ட்ரூடி. "உன் மூஞ்சி அப்படி."

டுவைட் கியரை மாற்றினான். கால் ஹெல்மெட்டில் இடித்தது. அண்ணனை மூளை இல்லாதவன் என்று சொன்னதுதான் மிச்சம்.

சோளக் காட்டு வளைவில் பிக்கப் மறையும்வரை வெர்னா நின்றாள்.

"இவனும் அதையேதான் சொல்றான் ஹார்லன். இதோட அஞ்சு பேர்," என்று முணுமுணுத்தபடி கயிற்றை அவிழ்த்து, தார்ப்பாயை முழுதாக இழுத்தாள்.

கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளை வெல்டிங் வைத்து மூடி, சனிக்கிழமைப் போட்டிக்குத் தயாராக நின்றது வேகன். ஹார்லனின் நடுங்கிய கை எழுதிய போட்டி எண்ணுக்குக் கீழே, ஓட்டுபவர் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.