நாள் வாடகை

“சார், சீக்கிரம் வாங்க. நம்ம வீட்டுல ஒரு சீக்காளியைக் கொண்டுவந்து போட்டிருக்காங்க” என்றாள் வீட்டைச் சுத்தம் செய்கிறவள், போனில்.

ஹவுஸ் ஓனர் கையிலிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

காலையில் ஆம்புலன்ஸ் வந்து இறக்கிவிட்டுப் போனதாம். ஆள் எலும்பும் தோலுமாம், மூக்கில் குழாயாம். கூட ஒரு அம்மாளும் அவள் தம்பியும். வந்ததும் வராததுமாக ஹாலில் இருந்த புது சோபாவை ஓரங்கட்டிவிட்டு, உள்ளே கிடந்த கட்டிலை இழுத்து வந்து ஜன்னலோரம் போட்டுவிட்டார்களாம்.

“ஆள் எப்படி, தேறிடுவாரா?”

“எனக்கென்னமோ நாளைக்குத் தாண்டாதுன்னு தோணுது சார்.”

ஓனர் ஸ்கூட்டர் சாவியைத் தேடி எடுத்தார்.

அந்த வீட்டை நாள் வாடகைக்கு மாற்றி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. மாத வாடகைக்கு விட்டு, குழாய் ஒழுகுது, சுவர் ஓதம் அடிக்குது என்று குடித்தனக்காரர் புலம்பலைக் கேட்டுக் காலம் தள்ளியது போதும் என்று கடன் வாங்கி இறங்கியவர். ஏசி, பெரிய டிவி, சோபா எல்லாம் போட்டு, போனில் நாள் வாடகை ஆப்பில் படம் ஏற்றினார். ஆட்கள் க்யூவில் நின்றார்கள். தங்கிப் போனவர்கள் அஞ்சு ஸ்டார் போட்டு, நாலு நல்ல வார்த்தையும் எழுதினார்கள்.

இப்போது அங்கே ஓர் உயிர் போய், அதை ஒருத்தன் எழுதிவிட்டால் தீர்ந்தது. அப்புறம் வந்து தங்குவது கடன்காரன் மட்டும்தான்.

‘குடும்பம், மூன்று பேர், நாலு நாள்’ என்றுதான் புக்கிங்கில் இருந்தது. சாகக் கிடக்கிற ஆள் என்று ஒரு வார்த்தை இல்லை. பொய் சொல்லி உள்ளே நுழைந்தவர்களிடம் என்ன தாட்சண்யம் வேண்டிக் கிடக்கிறது என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே ஸ்கூட்டரை விரட்டினார்.

கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் ஆளை அடையாளம் கண்டுகொண்டார். கண்டக்டரின் மனைவி.

அந்த வீட்டில் பதினோரு வருஷம் குடியிருந்தவர்கள். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயரான மனுஷன், வாடகையை ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தது கிடையாது. காலி செய்யச் சொன்னால் மல்லுக்கு நிற்பார்கள், வக்கீல் வரைக்கும் போகும் என்று ஓனர் பயந்துகொண்டுதான் போய்ப் பேசினார். அவர்களோ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், அந்த மாதமே சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தன் சாமர்த்தியத்தை அப்புறம் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார் ஓனர்.

“மன்னிச்சுக்குங்க சார். சொல்லிட்டு வந்தா விடமாட்டீங்களோன்னு என் தம்பி பேருல போட்டோம்” என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்களாம். இப்போது இவர்கள் இருப்பது மூன்றாவது மாடியில் ஒற்றை ரூம். ஸ்ட்ரெச்சர் திரும்ப முடியாத படிக்கட்டு. கண்டக்டருக்கு நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது. வரும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்.

“வீட்டுக்குப் போலாம், வீட்டுக்குப் போலாம்னு ஒரே பிடி சார். அவர் வீடுன்னு சொல்றது இதைத்தான். இந்த ஜன்னலுக்குக் கீழதான் எப்பவும் படுப்பாரு. இங்க வந்து படுத்தப்புறம்தான் முனகலே நின்னுது.”

ஓனருக்கும் பாவமாகத்தான் இருந்தது. பொய்யில்லை, நிஜமாகவே பாவமாக இருந்தது. ஆனால் அதே நேரம் ஓரத்தில் கிடந்த சோபாவும் கண்ணில் பட்டது.

“புரியுதும்மா. ஆனா இது நாலு பேர் வந்து தங்கிட்டுப் போற இடம். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் பொழைப்பு போயிடும். குடுத்த வாடகையைத் திருப்பிக் குடுத்துடறேன். சாயங்காலத்துக்குள்ள...”

மீதியை அவள் சொல்ல வைக்கவில்லை. போன தடவை மாதிரியே தலையை ஆட்டினாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொல்லித் தம்பியை அனுப்பினாள். காலையில்தான் பிரித்த துணிகளைத் திரும்பப் பையில் திணிக்க ஆரம்பித்தாள்.

கட்டிலில் அசைவு தெரிந்தது. கண்டக்டர் கண்ணைத் திறந்து ஓனரையே பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. கையைத் தூக்கப் பார்த்தார், எழவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சாகப்போகிற மனுஷன் வயிறெரிந்து சபிக்கிறாரோ என்று ஓனர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

மனைவி குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள்.

“என்னம்மா சொல்றாரு?”

“உங்க பொண்ணைக் கேக்குறாரு சார்” என்றாள், பையை மூடிக்கொண்டே. “அன்னிக்கு வந்து, ‘புருஷன் அடிச்சுத் துரத்திட்டான், கைக்குழந்தையோட என் பொண்ணு நடுத்தெருவுல நிக்குறா, இந்த வீட்டை விட்டா அவளுக்கு நாதியில்லை’ன்னு அழுதீங்களே. வீடு வாடகைக்கு வந்திருக்குன்னு போன்ல காட்டினதும் இவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ‘அப்ப பாப்பா புருஷனோட சேர்ந்துட்டா, இனிமே நாம அங்க போய்ப் படுத்தா தப்பில்லை’ன்னாரு. பாப்பா நல்லா இருக்காங்கல்ல சார்?”