குரோம்பேட்டையில் நின்ற டாக்சி

குரோம்பேட்டை தாண்டுவதற்குள் டாக்சி இழுவை குறைந்து, திணறி, மறுபடியும் நின்றது.

"இஞ்சின் ஒயர் லூசாகீது சார்" என்றான் டிரைவர் அயூப், பானெட்டுக்குள் தலையை விட்டபடி.

"இன்னிக்குப் பார்த்தா இந்தப் பேஜார்?" அரிகிருஷ்ணன் பதறினார். அப்பாவின் நிலத்தில் தன் பங்கை அண்ணனான அவருக்கே விட்டுக்கொடுத்து, பின்சீட்டில் இருந்த தங்கை கிளியம்மாள் தாம்பரம் பத்திர ஆபீசில் கையெழுத்துப் போடவேண்டிய நாள். ஆறப்போட்டால் மனசு மாறிவிடுவாள்.

"நான் பஸ்ல முன்னாடி போய் ரிஜிஸ்ட்ராரைப் பிடிச்சு வைக்கிறேன். சரியானதும் இவளைக் கூட்டிட்டு வாப்பா."

அவரை ஏற்றிக்கொண்டு பஸ் மறைந்த பிறகே அயூப் தலையை வெளியே எடுத்தான்.

"நீங்க சொன்ன மாதிரியே ஒயரைத் தளர்த்தி வெச்சேன்கா, போதுமா?"

"போதும் தம்பி. முறுக்கிட்டு வண்டியைத் திருப்பு. என் பங்கைக் கேட்டுக் கேஸ் போடப் பல்லாவரத்துல வக்கீல் காத்திருக்காரு."