மெஷினுக்குத் தெரியாத மருந்து

“என் பையன் ரத்தத்துல போதை மருந்து இருந்துச்சுன்னு எப்படியாச்சும் கண்டுபிடிச்சுக் குடுங்கம்மா!”

தடய அறிவியல் ஆய்வகத்து வாசலில் மறித்துக்கொண்டு கேட்டவர், மாடியிலிருந்து விழுந்து செத்துப்போன பையனின் அப்பா. லிஃப்ட் மெக்கானிக். தினமும் வந்து ஒற்றைக் காலில் நிற்கிறார்.

அந்த ரத்தத்தைப் பரிசோதிக்கும் ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவர்கள் கையைக் காலைப் பிடித்து, ‘இல்லைன்னு எழுதிடுங்க’ என்று கெஞ்சித்தான் அவள் பார்த்திருக்கிறாள். இப்படியும் ஒரு அப்பனா?

“ரிப்போர்ட் போலீஸுக்குத்தான் போகும் சார். வழியை விடுங்க.”

“முதல் டெஸ்ட்ல ஒண்ணும் வரலையாமே? இன்ஸ்பெக்டர் சொன்னார். நல்லாத் தேடுங்கம்மா. இப்பல்லாம் புதுசு புதுசா என்னென்னமோ வருதாமே!”

உள்ளே வந்தும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த ஆள் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எரிச்சல். மெஷினுக்குத் தெரிந்த மருந்து எதுவும் ரத்தத்தில் இல்லை. ஆனால் மெஷின் போட்ட வரைபடத்தின் ஓரத்தில், எதோடும் பொருந்தாமல் சின்னதாக ஒரு மேடு. தயாரிக்கிற பாவிகள் பழைய மருந்தையே லேசாக மாற்றிவிட்டால் போதும், மெஷின் திருதிருவென்று முழிக்கும்.

“மெஷின் பட்டியல்ல இல்லேன்னா, இல்லைன்னு எழுதிக் கையெழுத்தைப் போடும்மா” என்றார் மேலதிகாரி. “தோண்ட ஆரம்பிச்சா மாசக்கணக்கா இழுக்கும். போனவன் திரும்பியா வரப்போறான்?”

“அந்த அப்பா விடமாட்டேங்கிறாரே சார்.”

“கூட இருந்த சிநேகிதன் லாக்கப்புல இருக்கானாம்ல? அவன்தான் மருந்தைக் குடுத்தான்னு மாட்டிவிடப் பாக்குறார். பழிதீர்க்கணும், வேறென்ன?”

இருக்கும். கேஸின் கதையெல்லாம் ஆய்வகத்துக்கு வராது. வருவது ரத்தப் பாட்டிலும் ஒரு எண்ணும்தான்.

சீ என்றாகிவிட்டது அவளுக்கு. பேனாவை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள். அந்த மேடு கண்ணை உறுத்தியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கடைசியில், காலையில் முதல் வேலையாகக் கையெழுத்துப் போட்டுத் தொலைக்கலாம் என்று ஃபைலை மூடினாள்.

சாயங்காலம் வெளியே வந்தால் அதே ஆள். இன்றைக்கு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அவளே போய் நின்றாள்.

“ஏன் சார், செத்த பிள்ளைக்குப் போதைக்காரன்னு பேர் வாங்கிக் குடுத்து, இன்னொரு வீட்டுப் பையனையும் ஜெயிலுக்கு அனுப்பினாத்தான் உங்க மனசு ஆறுமா?”

அவர் பதறிப்போனார்.

“ஐயோ, இல்லம்மா! அவன்தான் என் பிள்ளையைத் தள்ளிவிட்டுக் கொன்னான்னு உள்ள வச்சிருக்காங்க. ‘எதையோ போட்டுட்டு அவனாத்தான் குதிச்சான், நான் பிடிக்கத்தான் பார்த்தேன்’னு கதறுறான், யாரும் நம்பல. அந்த மருந்தை நீங்க கண்டுபிடிச்சாத்தாம்மா அவன் வெளிய வர முடியும்!”