ஏழு பத்துக்கு அணையும் விளக்கு

ஏழு பத்து ஆயிற்று. விளக்கு அணையவில்லை.

ரூபேந்திரன் மீன் தொட்டிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு பதினொன்று. ஏழு பன்னிரண்டு.

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பொறியாளன் அவன். ஆள் உயர மோட்டார் நின்றுபோனாலும் அரை மணியில் ஓடவைத்துவிடுவான். மாசாயில் இருக்கும் அவன் வீட்டுக் கூடத்தில் இருந்த ஒரு மீன் தொட்டி விளக்கு ஐந்து மாதமாக அவனை முட்டாளாக்கிக்கொண்டிருந்தது.

தினமும் பொழுது சாயும் நேரம் பட்டென்று அணையும். மெட்டல் ஹேலைட் விளக்கு ஒருமுறை அணைந்தால் உடனே எரியாது. பல்பு சூடு ஆறப் பதினைந்து நிமிடம் வேண்டும். ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் தானாக எரியும்.

தொட்டி ஷாமளாவுடையது. ஷாமளா இறந்து ஆறு மாதம்.

அவளுடைய துணிகளைக் கொடுத்துவிட்டான். காரை விற்றுவிட்டான். ஆனால் அவள் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த பச்சைக் கடற்பவளம் தொட்டிக்குள் இன்னும் உயிரோடு இருந்தது. இந்த விளக்கு ஒருநாள் அணைந்தது அணைந்தபடியே கிடந்தால் அது வெளுத்துச் செத்துப்போகும். வீட்டில் இன்னொரு சாவை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பல்பை மாற்றினான். ஒரு வாரம் அணையவே இல்லை. குறிப்பேட்டில் ‘சரியாகிவிட்டது’ என்று எழுதினான். எட்டாம் நாள் அணைந்தது. பல்புக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் பல்லாஸ்ட் பெட்டியை மாற்றினான். ஒயரை மாற்றினான். பக்கத்து வீட்டு ஏர்கோன் ஓடும்போது மின்னழுத்தம் குறைகிறதோ என்று சந்தேகப்பட்டான்.

“எல்இடி வாங்கிப் போடு லா, மச்சான். நீ லைட்டு ரிப்பேர் பண்றியா, அதுகூடக் குடும்பம் நடத்துறியா?” என்றான் கூட வேலை செய்யும் யுகேந்திரன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கடைசியில் மிஞ்சியது வெள்ளை வைஃபை பிளக். போனிலிருந்தே விளக்கை ஏற்றி அணைக்க ஷாமளா வாங்கியது. எப்போது பார்த்தாலும் அதன் நீலப் பொட்டு எரிந்துகொண்டிருக்கும், அதனால் அவன் அதைச் சந்தேகிக்கவில்லை. இன்று அதைப் பிடுங்கி வைத்துவிட்டு விளக்கை நேராகச் சுவரில் செருகியிருந்தான்.

ஏழு இருபது. எரிந்துகொண்டிருந்தது.

மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. தேநீர் போடலாம் என்று தோன்றியது.

போன் அடித்தது. சாஆ ஊரிலிருந்து மாமியார் புஷ்பவள்ளி. கருமாதி முடிந்து கிளம்பும்போது, மகளின் படங்களைப் பார்க்கவென்று அவள் போனைக் கேட்டு வாங்கிப் போனவர்.

“மாப்பிள்ளை, சாப்டீங்களா? ஷாமளா போன்ல வெளக்கு எரிய மாட்டேங்குது. நாலு தடவ தட்டிட்டேன்.”

“என்ன வெளக்கு, அத்தை?”

“அதான், வெளக்குப் படம் ஒண்ணு போட்டு வச்சிருக்கால்ல. தெனம் பொழுது சாய அதத்தான் அவளுக்கு ஏத்துறேன். நேத்து எரிஞ்சது அப்படியே எரிஞ்சுக்கிட்டிருக்கும். அதைக் குளிர வச்சிட்டு, மறுபடி தட்டுனா மஞ்சளா வந்துரும். கண்ணு ஆபரேஷன் ஆன வாரம் மட்டுந்தான் ஏத்தல. இன்னிக்கு என்னமோ சாம்பலாவே கெடக்கு.”

அவன் தொட்டியைப் பார்த்தான்.

சாஆவில் அணைத்து ஏற்ற ஒரு விநாடி. மாசாயில் பதினைந்து நிமிட இருட்டு.

புது பல்பு பிரமாதமாக எரிந்த அந்த ஒரு வாரம், மாமியார் கண்ணில் கட்டோடு படுத்திருந்த வாரம்.

“வைக்காதீங்க, அத்தை. லைன்லயே இருங்க.”

சுவரிலிருந்து விளக்கைப் பிடுங்கினான். கூடம் இருண்டது. வெள்ளை பிளக்கைத் தடவி எடுத்து, சுவரில் செருகி, அதில் விளக்கைச் செருகினான். நீலப் பொட்டு சிமிட்டிச் சிமிட்டி நின்றது.

“இப்ப தட்டுங்க.”

பிளக்குக்குள் டக்கென்று ஒரு சத்தம். சூடு ஆறாத பல்பு இருட்டாகவே இருந்தது.

“வந்துருச்சு, மாப்பிள்ளை. மஞ்சளா, நல்லா எரியுது.”

“ஆமா, அத்தை.”

“என்னா பண்ணீங்க?”

“ஒண்ணும் இல்ல. இங்க ஒரு பிளக்கு லூஸா இருந்துச்சு.”

சாஆவில் இருக்கும் போனுக்கும் இங்கே இருக்கும் பிளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவன் இருட்டில் நின்றபடி அது முடியும்வரை காத்திருந்தான்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு ஏத்துவீங்க, அத்தை?”

“எப்பவும்போல ஏழு பத்துக்குத்தான். ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

அப்படியென்றால் ஆறு ஐம்பத்தைந்துக்கே தன் கையால் அணைத்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டான். ஏழு பத்துக்குப் பல்பு நன்றாக ஆறியிருக்கும்; அவர் தட்டியதும் இங்கேயும் எரியும்.